இரண்டு அளவு பெரிய பெட்டி

போன ஆண்டு, பள்ளி திறந்த இரண்டாவது வாரம் நடந்தது இது. செமோரில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. பின்புறம் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு தேன்பெட்டி வைத்திருந்தேன். தேனீக்கள் அடை கட்டும் மரச்சட்டங்கள் ஐந்து கொண்ட சின்னப் பெட்டி. ஐந்திலும் தேனீக்கள் மொய்ப்பதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இடம் போதாமல் கூட்டமே பறந்துவிட்டால்?

பெரிய பெட்டி கேட்டதற்கு, சிம்பாங் பூலாயில் பெட்டி செய்யும் அண்ணன், இப்போதைக்கு ஆறு சட்டம் போதுமே என்றார். "வளர்ற கூட்டம்தானே அண்ணே, பெருசாவே செஞ்சிருங்க" என்றேன். முதலாம் ஆண்டில் சேர்ந்த மகளுக்குச் சீருடை வாங்கியபோதும் கடையில் இதையேதான் சொன்னேன். அதுவும் இரண்டு அளவு பெரிது.

பன்னிரண்டு சட்டப் பெட்டி வந்தது. ஒரு மாலை, ஐந்து சட்டங்களையும் தேனீக்களோடு அதற்கு மாற்றி, மீதி இடத்தில் வெறும் சட்டங்களைச் செருகினேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தால், கூட்டம் ஓர் ஓரமாக ஒடுங்கியிருந்தது. காலிப் பக்கம் முழுக்க எறும்பு. நல்லது செய்வதாக நினைத்து நானே விரட்டிவிடப் போகிறேனோ என்ற பதற்றத்தில் பெட்டி செய்த அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"என்னம்மா, நாலு பேர் விருந்துக்கு மண்டபத்தையே புக் பண்ணிட்டீங்க லா" என்று சிரித்தார். "அவ்ளோ இடத்தையும் அதுங்கதானே காவல் காக்கணும்? நடுவுல ஒரு பலகைய வச்சு அடைங்க. சட்டம் நெறைய நெறையப் பலகையத் தள்ளிக்கலாம்."

எறும்பைத் துடைத்துவிட்டு, பலகையை இறக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஆறாவது, வெறும் சட்டத்தில் தேனீக்கள் ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு சரம் சரமாகத் தொங்கின. நடுவே, நகத்தளவு வெள்ளை மெழுகு. அத்தனை வெறுமைக்கும் எறும்புக்கும் இடையில், அடுத்துத் தேவையான ஒரே ஓர் அடையைத் தொடங்கியிருந்தன. மூச்சுவிடவும் பயந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அந்த ஆறாவது சட்டத்தை ஒட்டிப் பலகையை இறக்கினேன்.

வலைக்கதவுக்குப் பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "அதுங்களுக்கும் லூசா இருந்துச்சாம்மா? எனக்கும் ஓடுனா தடுக்குது."

பள்ளியில் ஓய்வு நேரத்தில் அவள் ஓடாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். அதுவரை எனக்கு அது தெரியவில்லை. அன்றைக்கே சீருடையை மடித்துத் தைத்தேன்.

இப்போது கூட்டம் ஒன்பது சட்டத்தில் இருக்கிறது. பலகையை ஒரு சட்டம் தள்ளும்போதும், சீருடையின் மடிப்பை ஒரு விரல் அகலம் பிரிக்கும்போதும் அந்தத் தேனீச் சரங்கள் கண்முன் வருகின்றன. வளர்ச்சிக்கு நான் முந்திக்கொண்டு ஓட வேண்டாம், திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றுகிறது.