மழைக்குக் காத்திருந்த பால்வெட்டுக்காரர்

எங்கள் மலையடிவாரத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் என் பக்கத்தில் இருந்தார். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போகிறவர். விளக்கின் வார் அழுந்திய தடம் நெற்றியில் கறுத்துக் கிடந்தது. விரலில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துக்கொண்டே இருந்தார். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் கீச்சென்று சத்தம் கேட்டது. வெளியே நல்ல மழை.

"இந்த மழையிலயா வரணும் மக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மழை பெஞ்சாத்தானே அம்மா வெட்டு கெடையாது. மத்த நாளு பாலெடுத்து முடிக்க மதியமாயிரும். அதுக்குள்ள டாக்டரு போயிருவாரு. எனக்க இந்த நெஞ்சுத் தீனத்தக் காட்ட மழைதான் லீவு தரணும்."

பதினொரு மணிக்கு சிஸ்டர் வெளியே வந்தாள். "டாக்டரு வரல்ல, மழை பெய்யுதுல்லா. நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் மழை உண்டா சிஸ்டரே?" என்று அவர் கேட்டார்.

"நாளைக்கு வெயிலுதான்" என்றாள், நல்ல சேதி சொல்வதுபோல.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மழையிலேயே மேடேறிப் போனார்.

சுற்றிலும் ரப்பர் தோட்டம். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் வெட்டுக்காரர்கள். சாயங்காலம் இரண்டு மணிநேரம் டாக்டர் இருந்தால் என்ன குறைந்துபோகும்? காரில் வருகிறவருக்கு மழை ஒரு தடையா?

அடுத்த மழை பத்தொன்பது நாள் கழித்துத்தான் பெய்தது. அவர் வருவார் என்று குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கு டாக்டர் வந்திருந்தார். பால்வெட்டுக்காரரைத்தான் காணவில்லை.