முதல் கொழுக்கட்டை யார் கையில்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதால எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. மார்கழி அடைமழையில் நாலு பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்து, ஒன்றையொன்று கடிக்காமல் பொழுதைப் போக்குகிற வித்தை, படித்த பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்.

எங்கட பக்கம் மார்கழி என்றால் மழைதான். பள்ளிக்கூடம் விடுமுறை. வளவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். கடல் இரைந்துகொண்டே கிடக்கும். விறகு நனையும், உடுப்புக் காயாது, பிள்ளைகளின் பசி மட்டும் கூடும். நான் சொல்லுகிற வருஷம், எண்பத்து மூன்றோ நாலோ, நபியவர்கள் பிறந்த மீலாது மாதமும் அந்த மழைக்குள்ளேயே வந்து விழுந்தது. பிறை கண்டதிலிருந்து பன்னிரண்டு நாள் பள்ளிவாசலில் அவர்களின் புகழைச் சொல்லும் மௌலூது ஓதுவார்கள். வீடுகளிலும் லெப்பையைக் கூப்பிட்டு ஓதுவிப்பார்கள். ஓதி முடிந்ததும் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நார்சா என்று ஏதாவது தின்பண்டம் பங்கிடுவார்கள். நார்சா வாங்கத் தெருப் பிள்ளைகள் வெள்ளத்தை மிதித்துக்கொண்டு வீடு வீடாக ஓடும்.

நாலு பிள்ளைகளில் மூன்று என்ட. நாலாவது தங்கச்சியின் மகள். தங்கச்சியின் மாப்பிள்ளை வேறு ஊரில் இன்னொரு கல்யாணம் முடித்துக்கொண்டு போன ஆள். எங்கட ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிக்கவேணும். பெண் குழந்தை பிறந்த அன்றைக்கே கல்லுக்கும் சீமெந்துக்கும் யோசிக்கத் தொடங்குவார்கள். யோசிக்க வேறு ஆள் இல்லாத என்ட தங்கச்சி, தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளையை என்ட மடியில் போட்டுவிட்டு, சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு, அந்த மார்கழியில்தான் ஒரு மாத லீவில் வந்திருந்தாள்.

பிள்ளை அவளிடம் போகவில்லை.

போகவில்லை என்று மட்டும் சொன்னால் காணாது. அவள் அறைக்குள் வந்தால் அது என்ட சாரிக்குள் புகுந்துகொள்ளும். கண் மூடித் திறக்கிற பொம்மை ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதை என்ட மகளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டது. அவள் வாங்கிவந்த சட்டையைப் போட்டுவிட்டால் கழற்றும் வரைக்கும் அழும். மூன்று வயதுக்கு என்ன தெரியும்? அதுக்கு நான்தான் தாய், நான்தான் உம்மா.

அதில் என்ட பிழை இருக்கிறது. என்ட பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு அதுவும் என்னை உம்மா என்று கூப்பிடப் பழகியது. முறைப்படி நான் அதுக்குப் பெரியம்மா. ஒரு நாளாவது திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கேட்க நல்லாத்தான் இருந்தது. தங்கச்சியை என்ட பிள்ளைகள் சாச்சி என்பார்கள். சவூதியிலிருந்து கடிதம் வந்தால் "சாச்சிட கடிதம்!" என்று துள்ளுவார்கள். அதுவும் கூடச் சேர்ந்து துள்ளும். அதையும் நான் திருத்தவில்லை.

தங்கச்சி வந்து நாலாம் நாள் கிணற்றடியில் என்னிடம் சொன்னாள்:

"ராத்தா, இந்த லீவுக்குள்ள புள்ள எனக்கிட்ட வந்தா நான் திரும்பிப் போகமாட்டன். நான் அனுப்பின காசில எழும்புற வீடு அரைகுறையாக் கிடந்தாக் கிடக்கட்டும். கிடுகு வேஞ்சிட்டு இருப்பம். வராட்டி, நான் இஞ்ச இருந்து என்ன செய்ற?"

"வருவாள் டி. கொஞ்சம் பொறு."

சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டால் செய்து காட்டவேணும். நான் அப்படிப்பட்டவள்.

இன்னொன்றையும் அதுக்கு முதலே சொல்லி வைத்திருந்தேன். தங்கச்சி அங்கே காய்ச்சலில் கிடக்கிறாள் என்று ஒரு தரம் செய்தி வந்தபோது நேர்ச்சை வைத்தேன். அவள் சுகமாக வந்து சேர்ந்தால் வீட்டில் மௌலூது ஓதுவித்து, அவள்ட பிள்ளையின் கையால் செய்த முதல் நார்சாவை அந்தப் பிள்ளையின் கையாலேயே தாயின் கையில் வைப்பித்து, பிறகுதான் மற்றவர்களுக்குப் பங்கிடுவேன் என்று. இதை நான் மனசுக்குள் வைக்கவில்லை. அடுத்த வளவு மாமிக்கும் சொன்னேன். மாமிக்குச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. நேர்ச்சையில் சொன்ன சொல்லை மாற்றினால் யாருக்காக வைத்தோமோ அவர்களுக்குத்தான் கேடு வரும் என்று எங்கட ஆட்கள் பயப்படுவார்கள். நானும் பயந்தேன்.

ஆகவே மீலாது வேலைகளை வைத்தே தாயையும் பிள்ளையையும் ஒட்டவைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். முதலில் கொடி. கோதுமை மாவைக் காய்ச்சி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பசை வைத்தேன். கலர்க் கடதாசியையும் சணல் நூலையும் பாயில் போட்டு, தங்கச்சியை நடுவில் இருத்தினேன். அவள் சின்னதிலிருந்தே கத்தரிக்கோல் வேலைக்காரி. கடதாசியை எட்டாக மடித்து, அங்கே ஒரு வெட்டு இங்கே ஒரு வெட்டு வெட்டி விரித்தால் பூவாக வரும்.

"சாச்சி எனக்கு! சாச்சி எனக்கு!" என்று என்ட மூன்றும் அவள் முதுகில் ஏறின.

சின்னது என்ட பின்னாலிருந்து ஒரு காலை எடுத்து வெளியே வைத்தது. பிறகு அடுத்த காலை. பாய்க்குக் கிட்டப் போய், பசைச் சிரட்டைக்குள் விரலை விட்டு நக்கியது.

"பசைய நக்காத மகள், வயிறு ஊதும்," என்றாள் தங்கச்சி.

அவ்வளவுதான். ஓடிவந்து என்ட சாரிக்குள்.

ஆனால் அசர் தொழுகைக்குப் பிறகு பார்க்கிறேன், ஒரு சிவப்புப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் இருக்கிறது. "ஆரு தந்த?" என்று கேட்டேன். "சாச்சி," என்றது. கதவடியில் நின்ற தங்கச்சிக்கும் அது கேட்டது. அவள் காயாத உடுப்புகளை மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள்.

மௌலூது ஓதுகிற நாள் வந்தது. நார்சாவுக்குக் கொழுக்கட்டை. சின்னக் கைகளுக்குச் செய்ய வசதியான பண்டம் அதைவிட இல்லை. ஊறவைத்த அரிசியை இடித்து, அரித்து, வறுத்து எடுத்தேன். பாசிப்பயறை அவித்துத் தேங்காய்ப்பூவும் சக்கரையும் போட்டுப் பிரட்டினேன். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் ரெண்டும் சிவந்துபோனது. சிரட்டையைப் போட்டு எரித்தால்தான் நெருப்புப் பிடிக்கும் என்று என்ட மாப்பிள்ளை வாசலில் நின்று புத்தி சொன்னார்.

"தெரியும். எடுத்துத் தந்திட்டுச் சொல்லுங்க," என்றேன்.

சுடுதண்ணீர் விட்டுக் குழைத்த மாவை உருண்டை உருண்டையாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மூத்தவன் வால் வைத்து ஒரு முதலை செய்தான். நார்சாவுக்கு முதலை ஆகாது என்று திட்டினேன். நடுவிலான் செய்ததெல்லாம் ஓட்டை. மகள் ஒழுங்காகச் செய்தாள், ஆனால் உள்ளே வைக்கிற பயறில் பாதி அவள்ட வாய்க்குள் போனது. சின்னது மாவை உள்ளங்கையில் வைத்து மூன்று விரலால் அழுத்தும். குழி விழும். அந்தக் குழிக்குள் பயறு வைக்க ஆள் வேணும். நான் அடுப்படியில் நின்றேன். வேணுமென்றேதான் நின்றேன். பக்கத்தில் இருந்தது தங்கச்சி.

பிள்ளை தன்ட மாவை அவள் கையில் வைத்தது. முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பயறை வைத்து மூடித் திருப்பிக் கொடுத்தாள். அடுத்ததையும் வைத்தது. மூன்று, நாலு, அஞ்சு. நான் புகைக்குள் நின்று, யா அல்லாஹ், இப்படியே விடு, இப்படியே விடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவதை நீட்டும்போது தங்கச்சி அந்தக் கையைப் பிடித்து, மா ஒட்டிய விரல்களை வாயில் வைத்து முத்தமிட்டாள்.

பிள்ளை வீரிட்டுக் கத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு நாள் பொறுக்க ஏலாதா டி உனக்கு?"

"ரெண்டு வருஷம் பொறுத்த தானே, ராத்தா," என்றாள்.

கொழுக்கட்டைகளை அவிக்க வைத்தேன்.

அசர் தொழுகை முடிந்து லெப்பை வந்தார். மேலே கொடிகள் தொங்க, ஊதுபத்திப் புகைக்குள் ஓதல் நடந்தது. வாசலில் தெருப் பிள்ளைகள் வாழையிலைத் துண்டைத் தலையில் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றன. பொம்புளைகள் உள்வீட்டில். ஓதி முடிந்து துஆவும் கேட்டாகிவிட்டது. சின்னது மாவை அழுத்திச் செய்த ஒரு கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். தங்கச்சி எதிரில் முட்டுக்காலில் இருந்து ரெண்டு கையையும் ஏந்தினாள்.

"குடு மகள். அந்தா, கையில வை."

பிள்ளை அவளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. கொழுக்கட்டையை எடுத்து என்ட கையில் வைத்தது.

உள்வீட்டில் ஒருத்தி சிரித்தாள். நான் அதைத் திரும்பத் தட்டில் வைத்தேன். மறுபடியும் என்ட கையில்தான் வைத்தது. மூன்றாம் தரம் தட்டையே என்ட மடியில் வைத்துவிட்டது.

"நேர்ச்சைய வாயால வைக்கிற லேசு, மகள்," என்றா அடுத்த வளவு மாமி.

வாசலில் பிள்ளைகள் கத்தத் தொடங்கின. "நார்சா! நார்சா!" லெப்பை மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து செருமினார்.

"என்ன புள்ள சுணக்கம்? எனக்கு இன்னும் ரெண்டு வீடு கிடக்கு. குழந்தைதானே, நீயே எடுத்துக் குடு. அல்லாஹ் நம்முட கல்பை, உள்ளத்தைப் பார்க்கிறவன்."

அந்த நல்ல மனுஷன் எனக்கு வழி விட்டார். நான் போகவில்லை.

"இல்ல லெப்பை. சொன்ன சொல் சொன்னதுதான்."

இத்தனை பேருக்கு முன்னால் என்ட நேர்ச்சை நிறைவேறாமல் போவதா? தங்கச்சியின் கைகள் ஏந்தினபடியே இருந்தன. நான் குனிந்து பிள்ளையின் காதில் சொன்னேன். காதில்தான் சொன்னேன், ஆனால் எல்லாருக்கும் கேட்டது:

"சாச்சிக்குக் குடு மகள்."

பிள்ளையின் முகம் தெளிந்தது. சாச்சியை அதுக்குத் தெரியும். கடிதம் போடுகிற சாச்சி, பூ வெட்டித் தருகிற சாச்சி. நேரே நடந்து போய், தங்கச்சியின் கையில் கொழுக்கட்டையை வைத்தது.

"சாச்சி, இந்தாங்க."

தங்கச்சி அதை வாங்கி அங்கேயே முழுவதையும் தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்ததை மற்றவர்கள் ஊதுபத்திப் புகையென்று நினைத்திருப்பார்கள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் லெப்பை. மாமியும் சொன்னா. பிள்ளைகள் உள்ளே பாய்ந்தன. அரை மணித்தியாலத்தில் சட்டி காலி.

அன்றிலிருந்து பிள்ளைக்குத் தங்கச்சியிடம் பயம் விட்டுப்போனது. மடியில் போய் இருந்தது. தலை இழுத்துப் பின்னக் கொடுத்தது. பொம்மையை என்ட மகளிடமிருந்து கேட்டு வாங்கியது. ரெண்டு பேரும் வளவு வெள்ளத்தில் கடதாசித் தோணி விட்டார்கள். நான் சந்தோஷத்தில் சொன்னேன்:

"பார்த்தியா? புள்ள வந்திட்டாள்தானே. இனி இரு."

தங்கச்சி தோணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"வந்தது சாச்சிக்கிட்ட, ராத்தா."

"அது நான் சொல்லிக் குடுத்தா மாறும் டி. சின்னப் புள்ள."

"புள்ளக்கிட்ட இருந்து உங்களப் பறிச்சிட்டு, என்னய உம்மா எண்டு சொல்ல வைக்கிறதா? ராவு முழுக்க உங்களத் தேடி அழும். எனக்கு அதப் பார்க்க ஏலாது. வீட்டையாவது கட்டி முடிச்சிக் குடுக்கிறன்."

நான் எவ்வளவோ கதைத்தேன். கெஞ்சினேன், ஏசினேன், சாப்பிடாமல் கூட இருந்து பார்த்தேன். ஊரில் என்ட சொல்லுக்கு மறு சொல் சொல்லுகிறவர்கள் குறைவு. என்ட தங்கச்சியிடம் அது எடுபடவில்லை. லீவு முடிந்து, மழை விடாத ஒரு காலையில் அவள் பஸ் ஏறினாள். பிள்ளை என்ட இடுப்பில் இருந்தபடி சிரித்துக்கொண்டு கையை ஆட்டியது.

"சாச்சி, பொம்ம கொண்டு வாங்க!"

பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையை முன்னால் இருத்தினேன். "நான் உம்மா இல்ல. பெரியம்மா. பஸ்ஸில போனாவே, அவதான் உன்ட உம்மா. சொல்லு." பிள்ளை என்னைப் பார்த்தது. சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லிக் கொடுத்தேன். உம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினேன். அதுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. பெரியம்மா என்றும் கூப்பிடவில்லை, உம்மா என்றும் கூப்பிடவில்லை. ஏதாவது வேணுமென்றால் கிட்ட வந்து என்ட சாரித் தலைப்பைப் பிடித்து இழுக்கும். நான் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் இழுத்துக்கொண்டே நிற்கும்.