ஜூஸ் கம்பெனி வேலை

மேடம் முதன்முதலாக ஒயினை வாயில் வைத்தபோது கண்களை இறுக மூடிக்கொண்டார். அடுத்து சுவைக்க வேண்டியவள் நான் என்பதால் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னபடி அதை நாக்கின் மேல் புரட்டினார், எவர்சில்வர் தொட்டியில் துப்பினார், வாய் கொப்பளித்தார். பிறகு தாளில் "புளிப்பு அதிகம், துவர்ப்பு போதாது" என்று எழுதினார். அதுவரை அவர் மதுவைத் தொட்டவரில்லை. நானும்தான்.

நாங்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே, மல்லாபூரில் ஒரு மருந்து ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர்கள். அவர் பிரிவின் தலைவர், நான் அவருக்குக் கீழே. அந்தப் பிரிவை மூடியபோது, அல்வாலைத் தாண்டிப் புதிதாக வந்திருந்த ஒரு திராட்சைத் தோட்டத்திலும் அதன் ஒயின் ஆலையிலும் வேதியியல் படித்தவர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் அவர் போனார். பின்னர் என்னையும் இழுத்துக்கொண்டார். கரைசல்களை அளப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. திராட்சையைத்தான் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து. கொடியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவதைப் பார்த்து நான் பதறினேன். "விட்டா இலைதான் மண்டும், காய் பிடிக்காது" என்றார் மேடம். அன்று காலைதான் தோட்ட மேலாளரிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். பழுக்கும் காலத்தில் வெயில் படும் பக்கமும் நிழல் பக்கமும் பழம் பறித்து, பிழிந்து, சர்க்கரையும் புளிப்பும் பார்ப்போம். மேடம் விதையையும் கடித்துப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும், பழுப்பேறி மொறுமொறுவென்று உடைந்தால் அறுக்கலாம்.

மேடத்தின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா குடித்தே செத்தவர். அந்தக் கதையை அவர் எனக்கு விரித்துச் சொன்னதில்லை. ஆனால் அல்வாலில் அவரோடு இருந்த அம்மாவின் இடது மணிக்கட்டு நேராக இல்லாததைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் மேடம் சொல்லியிருந்தது, ஜூஸ் கம்பெனியில் வேலை என்று.

முதல் அறுவடையின்போது நொதிக்கும் தொட்டிகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்றோம். சேலையிலும் தலைமுடியிலும் அந்த வாடை ஏறிவிட்டது. மறுநாள் நாங்கள் ஒரே காரில் ஆலைக்குப் போனோம். ஊரைத் தாண்டியதும் மேடம் சொன்னார்.

"அம்மா கதவத் தொறந்ததும் அப்படியே நின்னுட்டாங்க. 'ஏட்டி, ஒங்கப்பா வந்து நிக்க மாதிரி இருக்கு'ன்னாங்க."

அன்றே உண்மையைச் சொல்லிவிட்டாராம். அம்மா சண்டை போடவில்லை. தனக்கென்று ஒரு சிறிய பாத்திரத்தில் தனியாகப் பொங்கத் தொடங்கினார். மகள் சமைத்ததைத் தொடவில்லை. "வேலைய விட்டா சாப்பிடுவாங்க. ஆனா எனக்கு இந்த வேல பிடிச்சுப்போச்சு. வேற வேல கெடைக்காதுன்னா அவங்ககிட்ட அதையாவது சொல்லலாம்" என்றார் மேடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தோட்டத்துக்கே அழைத்து வந்தார். கடைசிப் பகுதி மட்டும் அறுக்காமல் இருந்தது. அந்த அம்மா வரிசைக்குள் மெல்ல நடந்து, ஒரு பழத்தைப் பறித்துத் தின்றார். இன்னொன்றும் பறித்தார்.

"இனிச்சுக் கெடக்கே. இதப் போயி ஏன் கெடுக்கிய?"

சர்க்கரை, ஈஸ்ட் என்று மேடம் ஏதாவது விளக்குவார் என்று நினைத்தேன். அவர், "எனக்கு இது பிடிச்சிருக்கும்மா. குடிக்கிறவங்களுக்குத்தான் போவுது, அது எனக்குத் தெரியும். இல்லன்னு ஒங்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.

அம்மா விதைகளைக் கையில் துப்பி, மண்ணில் உதறினார். திரும்பும்போது காரில் ஏறுவதற்கு முன், "குளிச்சிட்டு அடுப்படிக்கு வா" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு மகள் சமைத்ததைச் சாப்பிட்டாராம். அதன்பிறகு சாகும்வரை இந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அறுவடைக் காலத்தில் மேடமும் வீட்டுக்குப் போனதும் நேராகக் குளியலறைக்குத்தான் போவார்.

மேடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான். போன மாதம் நேர்காணலுக்கு ஒரு பெண் வந்தாள். உப்பலில் உள்ள தமிழ்க் குடும்பம். தமிழ் புரியும், பதில் வேறு மொழிகளில் வரும். சர்க்கரை, புளிப்பு எல்லாம் நன்றாகவே சொன்னாள். "வீட்ல என்ன வேலன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"மம்மிகோ மாலூம், மேடம். டாடிகோ நக்கோ" என்றாள். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவிடம் சொல்ல வேண்டாமாம்.

"இப்பவே சொல்லிடும்மா. அறுவடை வந்தா ஒன் துணியே சொல்லிடும்."

அவள் போனை எடுத்தாள். "டாடி" என்றபடி வராந்தாவுக்குப் போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு மூன்று வார்த்தைதான் பேசினாள், பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். அடுத்து வந்தவரைக் கூப்பிடாமல் நான் காத்திருந்தேன்.