செசிலி சம்மந்தியின் வியாழக்கிழமை ரொட்டி

அன்று வியாழக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். விளக்கேற்றிவிட்டு முருகனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஆண்டனி போனில் கூப்பிட்டார்.

"அத்தை, அம்மா போயிட்டாங்க."

"இவ்ளோ சீக்கிரமாவா? கடை எட்டு மணிக்குத்தானே திறப்பாங்க?" என்று கேட்டேன்.

வியாழக்கிழமை காலையில் அவர் அம்மா செசிலி போகிற இடம் கறிக்கடை ஒன்றுதான். அதுதான் என் வாயில் வந்தது. பிறகு என் மகள் கவிதா போனை வாங்கினாள். "அம்மா, அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா" என்று அழுதாள். எனக்கு அப்போதும் அவர் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்புவது போலத்தான் தெரிந்தது.

இந்த முப்பதாம் நாள் நினைவு மலரில் இவள் எதற்கு எழுதுகிறாள் என்று ஜீவனஹள்ளியில் அவரோடு பழகிய நீங்கள் நினைக்கலாம். நான் உங்கள் கோயிலைச் சேர்ந்தவள் அல்ல. பெங்களூரிலேயே அல்சூரில் இருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு விரதம். மாட்டுக்கறி எங்கள் வீட்டுப் பக்கமே வராது. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. ஆங்கிலம் நானாகக் கற்றது. பால் கவர், மருந்து அட்டை, மகளின் பழைய பாடப்புத்தகம் என்று எழுத்துக்கூட்டிக் கற்றேன். வீட்டு வரவு செலவைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் செசிலி சம்மந்தி தன் அறுபதாவது வயதில் ஒரு ரொட்டி செய்யக் கற்றுக்கொண்டதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத முடியாது.

கவிதாவின் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மனசு கேட்காமல் முதலில் போனவள் நான். போகும்போது பையில் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போனேன். செசிலி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். "இருக்குங்க, கொண்டு வந்திருக்கேன்" என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே பாட்டிலைத் திறந்து குடித்தேன். அவர் முகம் மாறவில்லை. டம்ளரைத் தன் பக்கம் மேசையில் வைத்துக்கொண்டார். பேசிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரைத் தானே குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம், வாரம் தவறாமல் போனேன். அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. இந்தப் பக்கங்களில் வேறு எதைச் சொன்னாலும் அதன் அடியில் இது இருக்கிறது.

போவது வியாழக்கிழமைதான். பொம்மசந்திரா ஃபேக்டரியில் மாப்பிள்ளைக்கு அன்றுதான் வார லீவு. வெள்ளிக்கிழமை செசிலி கறி தொடமாட்டார் என்பதால் அந்த வீட்டில் வியாழக்கிழமை கறி நாள். ஒருநாள் அவர் சொன்னார்:

"சம்மந்தி, நான் முப்பது வருஷம் ஓட்டல்ல மேசைத்துணி துவைச்சவ. ராத்திரி சாப்பாட்டுத் துணி காலையில மூட்டையா வரும். பிரிச்சா ஒரு வாசனை. கறி, வெங்காயம், வெண்ணெ, கருகின மிளகு எல்லாம் சேர்ந்து. அது என்னான்னு ஒருநாளும் ருசி பார்த்ததில்ல. ரிடையர் ஆன அன்னைக்கு கிச்சன் ஆளு ஒருத்தர் பேப்பர்ல சுத்திக் கொடுத்தாரு. ரொட்டிக்குள்ள கறி, மேல சீஸ் உருகி வழியுது. பஸ்ல உட்கார்ந்து பிரிச்சேன். அட, இதுவா நீ, முப்பது வருஷமா என் மூக்குல இருந்தது!"

அதை வீட்டில் செய்துபார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சர்க்கரை வியாதியில் கண் மங்கிவிட்டது. போனில் கிடைத்த செய்முறை ஆங்கிலத்தில் இருந்தது; அவருக்கு எழுத்து தெரியாது. "நீங்க படிங்க, நான் செய்றேன்" என்றார். சமையலறை வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் வரியிலேயே கனமான கறித் துண்டுக்கு இருந்த சொல்லை நான் 'ஸ்டீக்' என்று படித்தேன். ஹாலில் இருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அத்தை, அது ஸ்டேக்."

"டீ, மீட் எல்லாம் அதே 'இ, ஏ' எழுத்துதானே தம்பி?" என்றேன்.

"என் சம்மந்தி ஸ்டீக்னா ஸ்டீக்தான். நீ டிவி பாரு" என்றார் செசிலி. முப்பது வருடம் ஓட்டலில் அந்தச் சொல்லைக் கேட்டவர் அவர். அன்றிலிருந்து அவரும் ஸ்டீக் என்றே சொன்னார். கறிக்கடை பாயிடமும் அப்படியே சொல்லி, "அண்டர்கட் கொடுங்க பாய், ஸ்டீக்குக்கு" என்று மெத்தென்ற இடுப்புக் கறியைக் கேட்பாராம்.

அடுத்த தப்பு பெரியது. 'கட் எகெய்ன்ஸ்ட் த க்ரெயின்' என்று இருந்தது. க்ரெயின் என்றால் தானியம் என்று எனக்கு ரேஷன் கடைப் பலகையிலிருந்து தெரியும். "தானியத்துக்கு எதிரா வெட்டணுமாம்" என்றேன்.

"எதுக்கு?"

"தெரியல. அப்படித்தான் போட்டிருக்கு."

செசிலி கத்தியோடு யோசித்தார். "அரிசி டப்பா அந்த மூலையில இருக்கு. அப்ப இந்தப் பக்கம் திரும்பி வெட்டணுமோ?"

"ராகி இந்தப் பக்கம் இருக்கே?"

"அதைத் தூக்கி அங்க வைக்கிறேன் இருங்க." ராகி டப்பாவை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, இரண்டுக்கும் முதுகைக் காட்டி நின்று பயபக்தியாக வெட்டினார். மாப்பிள்ளை அன்று ஒரு துண்டைக் கால்மணி நேரம் மென்றார். "செருப்புத் தோல் மாதிரி இருக்கும்மா" என்றார். "உன் மாமியார் சொன்ன திசையிலதான்டா வெட்டினேன்" என்றார் இவர். கறியின் நார் ஓடுகிற வாக்குக்குக் குறுக்கே வெட்ட வேண்டும் என்பதை நான் வேறோர் இடத்தில் படித்துத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆனது. ராகி டப்பா இன்றும் அரிசி டப்பா பக்கத்தில்தான் இருக்கிறது.

மெல்ல மெல்ல அந்த ரொட்டி சரியானது. கறியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பார். உப்பும் இடித்த மிளகும் தடவுவார். கனமான தோசைக்கல்லைப் புகை வரும்வரை காய வைத்து, கறியைப் போட்டுவிட்டுத் தொடாமல் நிற்பார். ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் மூன்று நிமிடம். நான் கடிகாரம் பார்த்துச் சொல்வேன். கறியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அதே கல்லில் வெங்காயமும் குடைமிளகாயும் வதக்குவார். பேக்கரியிலிருந்து வாங்கிய நீள பன்னை நடுவில் கீறி வெண்ணெய் தடவிச் சுடுவார். பிறகு கறியை மெலிதாக வெட்டி, வெங்காயத்தோடு சேர்த்து மேலே சீஸ் வைத்து மூடி போடுவார். மூடியின் ஓரத்தில் ஒரு கரண்டி தண்ணீர். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். திறந்தால் சீஸ் உருகிக் கறியின்மேல் போர்வையாகப் படிந்திருக்கும். அதை அப்படியே எடுத்துப் பன்னுக்குள் வைப்பார்.

வெட்டுவதற்கு முன்னால் கறியை ஐந்து நிமிடம் சும்மா விட வேண்டும். முதல் முறை அதைப் படித்தபோது, "அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் கொடுக்கணுமாம்" என்றேன்.

"யாருக்கு, எனக்கா?"

"கறிக்கு."

"செத்த எருமைக்கு என்னாங்க ரெஸ்ட்டு?" என்றவர், சட்டென்று, "சரி, இளைப்பாற்றின்னு எழுதிக்கோங்க" என்றார். எனக்கு அந்தச் சொல் புதிது. அழகாக இருந்தது. 'இளைப்பாற்றி: ஐந்து நிமிடம்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை.

அந்த ஐந்து நிமிடங்களைப் பற்றி எப்படிச் சொல்வது? அவர் முக்காலியில் உட்காருவார். ஜன்னல் வெயிலில் புகை நீல நூலாய் நிற்கும். பின்னால் தண்டவாளத்தில் ரயில் போகும்போது அலமாரியில் டம்ளர்கள் மெல்லக் கிணுகிணுக்கும். ரயில் போன பிறகும் அந்தச் சத்தம் காதில் கொஞ்ச நேரம் இருக்கும். ஒருவேளை நான் கண்ணை மூடியிருப்பேன். வேறொருவர் வீட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். சந்நிதியில் தீபாராதனை முடிந்து, கூட்டம் கலைந்து, கண்ணில் வெளிச்சம் மட்டும் மீதி இருக்குமே, அப்படி.

கல்லறைக்குக் கொண்டுபோகும் முன் உங்கள் கோயிலில் பூசை நடந்தது. கடைசி வரிசையில் நின்றேன். சாமியார் சொல்ல, நீங்கள் எல்லோரும் சேர்ந்து, இறந்தவருக்கு 'நித்திய இளைப்பாற்றி' தரும்படி ஜெபித்தீர்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அந்த ஐந்து நிமிடம்தான். அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்த ஒரு அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார். முதலில் வந்தது சிரிப்பு. அழுகை அதற்குப் பின்னால் வந்தது.

சாப்பிடாத கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாரமும் அவர், "உங்களுக்கு வெறும் காய் போட்டு ஒண்ணு செய்றேனே?" என்று கேட்பார். நான், இன்று கிருத்திகை, இன்று சஷ்டி, இன்று குருவுக்கு விரதம் என்று ஏதாவது சொல்வேன். அவர் ஒருநாள் இடுப்பில் கை வைத்து, "எந்த வியாழக்கிழமைக்கும் ஒரு சாமி ரெடியா வெச்சிருக்கீங்களே!" என்றார். இருவரும் சிரித்தோம். ஆனால் சாமியை வைத்துப் பொய் சொல்கிறோம் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போது முருகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசும். பல வியாழக்கிழமைகளில் வீட்டிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறேன்.

பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கோபம் இல்லை. நாற்காலி போட்டார், சிரித்தார், ரொட்டி செய்தார். கேட்கவில்லை. ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் கேட்கவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது, யாரோ கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டது போல இருந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை நானே சொன்னேன். "சம்மந்தி, எனக்கு ஒண்ணு செய்றீங்களா? உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்தக் கல்லுல?"

"இருக்கிற கல்லுலயே. கழுவிட்டு."

கல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். புளி போட்டுத் தேய்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். மறுபடி புளி. "போதும் சம்மந்தி, கல்லு தேஞ்சிடப் போகுது" என்றேன். "இருங்க, மூணு வருஷம் தேய்க்க வேண்டியது இருக்கு" என்றார். நான் எழுந்து நிலைப்படியைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கு அந்தத் தண்ணி பாட்டில்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த பாட்டில்?" என்றார். ஞாபகம் இல்லாதவர் அவ்வளவு வேகமாகக் கேட்கமாட்டார்.

வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு, ஓரம் கருகிய வெங்காயம், குடைமிளகாய், மேலே சீஸ். சூடு உதட்டைச் சுட்டது. சீஸ் நூல் இழுத்துக்கொண்டு வந்தது. நான் மெல்லுவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பு?" என்று கேட்டார். "சரியா இருக்கு" என்றேன். உண்மையில் ஒரு கல் தூக்கல். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பதினொரு வியாழக்கிழமைகள் கிடைத்தன.

இப்போது கல்லின் முன்னால் மாப்பிள்ளை நிற்கிறார். சீஸைத் தீய்த்துவிடுகிறார்; கவிதா அவரைக் கிண்டல் செய்கிறாள். போன வாரம் அவள், "அத்தையோட சாமான்ல உனக்கு ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டாள். எதுவும் வேண்டாம் என்றேன். பொய்யில்லை. வியாழக்கிழமை காலையில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். பஸ் ஜீவனஹள்ளி பக்கம் திரும்பும்போது நல்ல பசி எடுக்கிறது. செசிலி சம்மந்தியின் வீட்டுக்குப் பசியோடு போவது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.