நாலு பேருக்கு வைத்த மேசை

மேசைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் வளவுப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. வாப்பா அதை அறுத்துப் பலகையாக்கி நாலு வருஷம் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்திருந்தார். எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கிய பிறகுதான் மரவேலை செய்கிற ஓடாவியாரைக் கூப்பிட்டு, ஒரு சாப்பாட்டு மேசை செய்யச் சொன்னார். கறையான் தின்றது போக மிஞ்சிய பலா மேற்பலகையில் பாதிக்குத்தான் கண்டது. மற்றப் பாதிக்கு வேம்பு, கால்களுக்குத் தென்னை. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. ஒட்டுப்போட்டு உடுத்திய சாரம் மாதிரி நின்றது மேசை.

"வெள்ளை அடிச்சா ஒண்டும் விளங்காது வாப்பா" என்றேன். வாப்பா அன்றைக்கே கல்முனைக்குப் போய்ப் பெயின்ட் வாங்கி வந்தார்.

ஏன் இந்தப் பாடு என்றால், எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தால் பெண்ணை ஒரு தரம் பார்ப்பார்கள், வீட்டை நாலு தரம் பார்ப்பார்கள். எங்களுடையது ஒரு முன்மண்டபம், ஓர் அறை, பின்னால் கிடுகு வேய்ந்த சமையல் குசினி. அவ்வளவுதான். முதலில் வந்த சம்பந்தம் 'வீடு சின்னம்' என்ற ஒற்றைச் சொல்லில் போய்விட்டது. உம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று நாள் தலை சீவாமல் இருந்தேன்.

இரண்டாவதாகப் பேசி வந்தது சாய்ந்தமருதில் படிப்பிக்கிற ஓர் ஆசிரியர். எங்கள் தெருவால் சைக்கிளில் போகும்போது கண்டிருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் பயமும் இரட்டிப்பாக இருந்தது. பிடிக்காத இடம் என்றால் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம்.

அவருடைய உம்மா வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். கூட மூன்று பெண்கள். அப்போது மாரி காலம். செவ்வாய்க்கிழமை அடித்த பெயின்ட் வியாழன் பின்னேரமும் விரலில் ஒட்டியது. வாப்பா விசிறியால் விசிறினார். உம்மா அடுப்பிலிருந்து நெருப்புச் சட்டியை எடுத்துவந்து மேசைக்குக் கீழே வைத்தார். மேசை காயவில்லை, வீடு முழுக்கப் புகைதான் நிறைந்தது.

"கொஞ்சம் துணியப் போட்டு மூடிட்டா என்னகா?" என்றார் உம்மா.

"மூடுறதுக்கா வெள்ளை அடிச்ச?" என்று பாய்ந்தேன். உம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் நான் வாயைத் திறந்தாலே யாராவது எழும்பிப் போக வேண்டியிருந்தது.

கடைசியில் முகத்துக்குப் பூசும் பவுடரை எடுத்து மேசை முழுக்கத் தேய்த்தேன். ஒட்டுவது நின்றது. வெள்ளையோடு வெள்ளையாகப் போனதால் பார்வைக்கும் தெரியவில்லை. ஆனால் மேசைக்குப் பக்கத்தில் போனால் குளிப்பாட்டிய குழந்தை வாசம் அடித்தது.

பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவள் நான். மேசை அலங்காரத்துக்குப் பத்துக்கு எட்டுப் புள்ளி வாங்கியிருந்தேன். அந்த எட்டுப் புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையையே பிடித்துவிடலாம் என்று நம்பினேன். மருதமுனையில் நெய்த நீலக்கரைத் துணி ஒன்றை நீளவாக்கில் வெட்டி, வெள்ளை இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நடுவில் விரித்தேன். பால்மாப் போத்தலுக்கு வெள்ளிக் கடதாசி சுற்றி, குரோட்டன் இலையும் நித்தியகல்யாணிப் பூவும் செருகினேன். கடதாசியை விசிறிபோல மடித்துக் கிளாசுகளுக்குள் நிறுத்தினேன். அயல்வீட்டு ராத்தாவிடம் சாப்பிட நாலு பீங்கான் தட்டு இரவல் வாங்கினேன். மூன்றில் ரோசாப்பூ, ஒன்றில் பச்சைக் கோடு. பச்சைக் கோட்டை யாருக்கு முன்னால் வைப்பது என்று ஒரு மணித்தியாலம் யோசித்தேன். மாறி மாறி வைத்துப் பார்த்ததில் ஒரு கிளாஸ் கவிழ்ந்தது, நல்ல காலம் உடையவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் விருந்து என்றால் பாய் விரித்து, நடுவில் சஹன் என்கிற பெரிய தட்டை வைத்து, சுற்றி இருந்து ஒரே தட்டில் கை வைப்பதுதான் வழக்கம். வந்த பெண்களோடு வீட்டுக்காரியும் அதே சஹனில் இருப்பார். மண்டபம் முழுவதையும் மேசை பிடித்துக்கொண்டதால் பாய் விரிக்க இடம் இல்லை. இடம் இருந்திருந்தாலும் நான் விரித்திருக்க மாட்டேன். சின்ன வீட்டைப் பெரிய வீடாகக் காட்ட என்னிடம் இருந்தது அந்த மேசை ஒன்றுதான்.

"அப்ப நான் எங்க இரிக்கிற?" என்று உம்மா கேட்டார்.

"நாலு கதிரைதானே கிடக்கு. நீங்க நிண்டு பரிமாறுங்க. பெரிய வீடுகள்ல அப்படித்தான்."

பெரிய வீடுகளில் எப்படி என்று எனக்கு என்ன தெரியும்? ஒரு பெரிய வீட்டிலும் நான் சோறு தின்றதில்லை.

ஜும்ஆத் தொழுகைக்கு வாப்பா போன பிறகு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா மெலிந்த, கதை குறைந்த மனுசி. முக்காட்டைச் சரிசெய்தபடி வாசலில் நின்று மேசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வடிவா சோடிச்சிருக்காள் புள்ள" என்றார் கூட வந்த அவருடைய தங்கை. கதிரையில் இருந்ததும் முழங்கையை மேசையில் ஊன்றினார். கறுப்புச் சட்டையின் கைப்பகுதியில் வட்டமாகப் பவுடர் அப்பிக்கொண்டது. நான் அந்த வட்டத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

நெய்ச்சோறு வந்தது. கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிச் சம்பல் எல்லாம் வந்தன. உம்மா ஒவ்வொருவர் பின்னாலும் போய்க் குனிந்து பரிமாறினார். கதிரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான், உம்மா ஒருச்சாய்ந்து போய்வந்தார். மூன்று பேர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா மட்டும் வைக்கவில்லை. பச்சைக் கோட்டுப் பீங்கான் அவருக்கு முன்னால் இருந்தது. அதனால்தானோ என்று நினைத்தேன். மாற்றி வைத்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"நீங்க இரிக்கல்லையா?" என்று உம்மாவைக் கேட்டார்.

"நீங்க தின்னுங்க. நான் மறுகா தின்னுறன்" என்றார் உம்மா.

"எங்க இரிந்து தின்னப் போறீங்க?"

உம்மா என்னைப் பார்த்தார். நான் கிளாசுக்குள் நிறுத்திய கடதாசி விசிறியைப் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா எழும்பினார். 'போச்சு' என்று நினைத்தேன். முதல் சம்பந்தமும் இப்படித்தான் எழும்பிப் போனது. அவரோ வாசல் பக்கம் போகாமல், பீங்கானைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனார். உம்மா பதறிப்போய்ப் பின்னால் ஓடினார். "அல்லாஹ்வே, அங்க கரியும் புகையும் கிடக்கு" என்கிற உம்மாவின் குரல் கேட்டது. பலகைக்கட்டையை ஒரு பக்கம் ஒதுக்கித் தள்ளும் சத்தம் கேட்டது.

மேசையில் மூன்று பெண்களும் ஆளை ஆள் பார்த்துவிட்டு மெதுவாகத் தின்றார்கள். நான் வெற்றுக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். பரிமாற வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று. தண்ணீர்ச் செம்போடு குசினி வாசல் வரை போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் நிலத்தில் இருந்து அந்த ஒரே பீங்கானில் தின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கோழித் துண்டை எலும்பு களைந்து உம்மாவின் பக்கம் தள்ளினார். உம்மா திருப்பித் தள்ளினார். என்ன கதைத்தார்கள் என்று விளங்கவில்லை. என் கல்யாணம் அங்கே முடிவாகிக்கொண்டிருந்தது, அல்லது முறிந்துகொண்டிருந்தது. செம்போடு மேசைப் பக்கம் திரும்பி வந்தேன்.

போகும்போது மாப்பிள்ளையின் உம்மா எங்கள் உம்மாவின் கையைப் பிடித்து, "இன்ஷா அல்லாஹ், நாள் பார்த்துச் சொல்லி அனுப்புறம்" என்றார். உம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. மற்றவர்கள் செருப்பு மாட்ட, உம்மா அவர்களோடு வாசலில் நின்ற நேரத்தில் அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"மேசை நல்ல வடிவு மகள். என்ட மகன் இனி இந்த வீட்டுலதானே இரிக்கப் போறான். அவனப் பாக்க வந்தா எனக்கு இஞ்ச எது இடம் என்டுதான் பாத்தன். உன்ட உம்மாக்கு நீ குடுக்கிற இடம்தானே எனக்கும்."

தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். உம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் உன்ட மேசையாலதான் கிளி" என்றார். உம்மா அதை உண்மையாகவே நம்பினார்.