சுபுஹுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்

கல்லூரியில் படித்த வருடங்களில் நான் முழுசாகத் தூங்கிய நாள் எது என்று யோசித்தால் பெருநாள் மதியங்கள் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மற்றபடி எல்லாம் துண்டு துண்டான தூக்கம். ராத்திரி இஷா தொழுதுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் தெருநாய்கள் அடங்கிய பிறகுதான் மூடுவேன். கொஞ்சம் கண் அயர்ந்ததும் சுபுஹு பாங்கு கேட்கும். விடியுமுன் சொல்லும் அந்தப் பாங்கில் மட்டும் கூடுதலாக ஒரு வரி உண்டு, தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று. படிப்பைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லையே என்று போர்வைக்குள் கிடந்து சட்டம் பேசுவேன்.

அந்தச் சட்டமெல்லாம் அம்மாவிடம் எடுபடாது.

"எந்திரி புள்ள, பாங்கு சொல்லியாச்சு."

"ரெண்டு நிமிஷம்மா."

"அந்த ரெண்டு நிமிஷத்துலதான் விடிஞ்சு போகும். எந்திரி."

கேட்ட ரெண்டு நிமிஷத்தை அவள் ஒருநாளும் கொடுத்தது கிடையாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். மிச்ச வேலையை எங்கள் கள்ளிக்குப்பத்துக் கொசு பார்த்துக்கொள்ளும்.

எங்களுடையது ஒரு ஹாலும் ஓர் அறையும் உள்ள வாடகை வீடு. அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நிரந்தரமாக ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து உள்ளறையில் படுத்தாரென்றால் சாயங்காலம் வரை வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. ராத்திரி ஹாலில் என் படிப்பு, பகலில் அறையில் அத்தாவின் தூக்கம். அம்மா இரண்டு ஷிப்டையும் பார்த்துக்கொண்டாள்.

கல்லூரி பூந்தமல்லியைத் தாண்டி இருந்தது. விடிந்தும் விடியாததுமாக மெயின்ரோட்டில் பஸ் வந்துவிடும். லுஹரைச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஓய்வறை மூலையில் துப்பட்டாவை விரித்துத் தொழுதுவிடுவேன். மழைக்காலத்தில் திருவேற்காடு பக்கம் பஸ் மாட்டிக்கொண்டால் அந்தி நேரத்து மஃரிபு கையைவிட்டுப் போகும். நேரம் தப்பியதை வீட்டுக்கு வந்து களாவாகத் தொழ வேண்டும். தொழுகையிலும் அரியர், கணக்கிலும் அரியர் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். அம்மா கரண்டியோடு வந்தாள்.

கணக்கு அரியர் நிஜமாகவே பெரிய தலைவலி. இரண்டாம் வருடத்துப் பேப்பர், ஏற்கெனவே இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. அது தேறாமல் நின்றால், வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளின் இன்டர்வியூவில் உட்காரவே விடமாட்டார்கள். எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் அத்தாவை ராத்திரி ஷிப்டிலிருந்து நிறுத்திவிடலாம் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போதே ரத்த அழுத்தம். ஆக, மூன்றாவது தடவை அந்தப் பேப்பரை எழுதிய அன்று எனக்கு வேறு எதுவும் பெரிதாக இல்லை.

அன்று அம்மா எழுப்பியபோது நான் படுத்தே கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கார்த்திகைக் குளிரில் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒளு செய்த தண்ணீர் முகத்தில் ஊசியாகக் குத்தியது. அம்மா தன் தொழுகையை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பாயை விரித்து நின்றேன். நின்றேன், குனிந்தேன், ஓதினேன். கடைசி ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோது உள்ளே ஒரு கணக்கு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. வைத்த நெற்றியை எடுத்த ஞாபகம் இல்லை.

"யா அல்லா, பஸ்ஸு!"

அம்மாவின் அலறலில்தான் விழித்தேன். ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் அதே ஸஜ்தாவில் கிடந்தேன். முதுகில் யாரோ போர்த்திய போர்வை. எழுந்திருக்கப் பார்த்தால் இரண்டு காலும் என்னுடையவையாக இல்லை, மரத்துக் கிடந்தன. அத்தா இன்னும் ஷிப்டிலிருந்து வந்திருக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நின்று கத்தினேன்.

"தினம் எழுப்புறே, இன்னிக்குப் போயி விட்டுட்டியேம்மா!"

"நீ அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு இரக்கமே வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. டிபன் டப்பாவுக்குக் கையை நீட்டினேன், அது காலியாக இருந்தது. அதைப் பற்றிக் கேட்கவும் நேரமில்லை.

கீழ் வீட்டு ஆட்டோக்கார அண்ணன் அப்போதுதான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, பஸ்ஸ உட்டுட்டியா? குந்து, குந்து. பரிச்சைக்கு நான் கொண்டாந்து உட்டுர்றேன்."

அயப்பாக்கம் வழியாக வண்டியை விரட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வசவு. எனக்குச் சூத்திரங்கள் ஒவ்வொன்றாகக் குலுங்கி விழுந்துகொண்டிருந்தன. பாதி வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நெத்தில இன்னாமா, கோடு கோடா கீது?"

தடவிப் பார்த்தேன். பாயின் கோரை அப்படியே பதிந்திருந்தது.

"தொழும்போது தூங்கிட்டேண்ணா."

"அத்த உடு. நான் சிக்னல்லயே தூங்கினு கீறேன்."

அழவேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. பரீட்சை ஹாலில் கதவைச் சாத்தப் போன மேடம் என் நெற்றியையும் மூச்சிரைப்பையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். எழுதினேன். அந்தப் பேப்பரில் மயிரிழையில் தேறினேன் என்பது பிறகு தெரிந்தது. அன்று மதியம் வீடு திரும்பியபோது அது தெரியாது. தெரிந்ததெல்லாம், கடைசி இரண்டு கணக்கைத் தொடவில்லை என்பதும், சுபுஹு களாவாகிவிட்டது என்பதும், எல்லாவற்றுக்கும் அம்மாதான் காரணம் என்பதும்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஹாலில் சுவரோரம் உட்கார்ந்து செல்போனில் சின்னம்மாவிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"ஸஜ்தாவுலயே கெடந்து அவ்வளவு நேரம் கேட்டாடி எம்புள்ள. அல்லா கைவிடமாட்டான்."

அவள் போனை வைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, அத்தா எழுந்துவிடாத குரலில் சண்டையை ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் பகல் சண்டையெல்லாம் அந்தக் குரலில்தான்.

"நான் ஒண்ணும் கேக்கலம்மா. தூங்கிட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கொறட்ட விட்டியே."

"தெரிஞ்சா எழுப்ப வேண்டியதுதானே!"

"எழுப்பத்தான் வந்தேன்." அம்மா முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "முதுகு ஏறி எறங்கிச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் கெடக்கட்டும்னு போர்வையப் போத்திட்டுப் பக்கத்துல உக்காந்தேன்."

"அப்புறம்?"

"நானும் தூங்கிட்டேன் புள்ள."

திருட்டுப் பண்டத்தோடு பிடிபட்டவள் மாதிரி அதைச் சொன்னாள். காலி டிபன் டப்பா அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயில் தயாராக இருந்த சண்டை அப்படியே நின்றுவிட்டது. "நீ எப்பம்மா தூங்குவே?" என்றேன்.

"நீங்க எல்லாரும் தூங்கினப்புறம்."

நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்கியதே இல்லை. ராத்திரி அத்தா விழித்திருப்பார், அவரோடு பாதி ராத்திரிக்கு நானும். பகலில் அவர் தூங்கும்போது அம்மா சத்தமில்லாமல் சமைத்து, சத்தமில்லாமல் துவைத்து, கதவைத் தட்ட வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி அனுப்பிக்கொண்டிருப்பாள். குளியலறைக்குப் போய் ஒளு செய்துவிட்டு வந்து, காலையில் விரித்தபடியே கிடந்த பாயில் சுபுஹைக் களாவாகத் தொழுதேன்.

முடித்து ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினேன். அத்தாவின் சாத்திய கதவு. இடப்பக்கம் திரும்பினேன். அம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, மடியில் போன்.

கொஞ்ச நேரத்தில் பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை நான் சொன்னேன்.

"அம்மா, பாங்கு சொல்லியாச்சு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம்" என்றாள்.

அஸருக்கு நேரம் நிறையவே இருந்தது. மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், தூங்கிவிடாமல்.