வெயில் என்று சொன்னார்கள்

என் தம்பிக்கு வெயில் தாக்கிவிட்டது என்றுதான் எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் பிறந்து, சித்திரை வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவனைக் கடற்கரையில் ஒரு பகல் வெயில் சாய்த்துவிட்டதாம். இந்தக் கதையை ஊரில் பரப்பியவர் என் அப்பா. நம்பாதவர்களும் நம்பியதுபோல் தலையாட்டுகிறார்கள்.

தம்பிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அறுவடை முடிந்த சமயம் லீவில் வந்திருந்தான். எங்கள் தெருவிலேயே வளர்ந்த சிநேகிதன் ஒருவனும் அவனோடு பெங்களூரில் இருந்தான். பூம்புகார் பக்கம் கடலோரத்தில் சிநேகிதனின் மாமாவுக்கு ஒரு தோப்பு வீடு உண்டு. பிறந்தநாள் என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் ஒரு கூட்டமாகப் போனார்கள். நான் தஞ்சாவூரில் என் வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடத்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சிநேகிதன் போன் செய்தான்.

"அக்கா, இவனுக்கு வெயில் ஒத்துக்கல போல. தஞ்சாவூருக்குத்தான் கூட்டிட்டு வர்றோம். ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

அப்பாவுக்கும் போன் செய்திருக்கிறான்; எனக்கு முன்னாலேயே அவர் அங்கே வந்து நின்றார். தம்பியைக் காரிலிருந்து இறக்கியபோது சட்டை முழுதும் நனைந்திருந்தது. தொட்டேன், கை சுட்டது. கண்ணின் கருவிழி அகன்று கண்ணையே நிறைத்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தான். என்னைப் பார்த்தான், ஆனால் அடையாளம் தெரியவில்லை. உள்ளே படுக்கவைத்ததும் மேலே சுற்றிய மின்விசிறியைக் காட்டி, "மூச்சு விடுது பாரு, மூச்சு விடுது பாரு" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு விறைத்து வலிப்பு வந்தது.

பரிசோதித்த டாக்டர் அம்மா என்னைவிடச் சின்னவர். ஐஸ் கொண்டுவரச் சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"என்ன சாப்பிட்டாருன்னு சொல்லுங்க. திட்டறதுக்குக் கேக்கல. தெரிஞ்சாதான் சரியா வைத்தியம் பண்ண முடியும்."

"என் புள்ள பாக்குகூடப் போட மாட்டான் டாக்டர். வெயில்ல நின்னுட்டான், அவ்வளவுதான்" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை.

சிநேகிதன் வாசலில் கார் சாவியைக் கையில் வைத்தபடி கிளம்பத் தயாராக இருந்தான். மற்றவர்கள் வழியிலேயே இறங்கிக்கொண்டார்களாம். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். சின்ன வயதில் அவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டிருக்கிறேன், அந்த உரிமையில்தான்.

"என்னடா குடுத்தீங்க அவனுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா... ஒரு மாத்திரை. பார்ட்டியில எல்லாரும் போடறதுதான். பாட்டு கேட்டா நல்லா இருக்கும், எல்லார்மேலயும் பாசம் வரும். நானும்தான் போட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே. அவனுக்கு ஏறவே இல்லன்னு இன்னொண்ணு கேட்டான். அப்புறம் தாகம் தாகம்னு தண்ணியாக் குடிச்சான்."

"இதை உள்ள வந்து சொல்லு."

"என் வேலை போயிடும்க்கா" என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டான்.

நான் உள்ளே போய் அப்பாவின் முன்னாலேயே டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை என்று சொல்லித்தான் விற்பார்கள் என்றும், உள்ளே அதே வகையைச் சேர்ந்த வேறு ஏதாவது மருந்து இருக்கும் என்றும், என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது என்றும் சொன்னார்.

"சிலது ஏற ரொம்ப நேரமாகும். வேலை செய்யலன்னு நெனச்சு இன்னொண்ணைப் போட்டுக்குவாங்க. ரெண்டும் சேந்து ஏறும்போது உடம்பு கொதிச்சிரும். தண்ணியும் அளவுக்கு மீறிக் குடிச்சா ரத்தத்துல உப்பு இறங்கிடும். வலிப்பு அதனாலயும் வந்திருக்கலாம். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

அப்பா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "ஊரான் புள்ளையாயிருந்தா இப்படிச் சொல்லுவியா? குடும்ப மானத்தை ஆஸ்பத்திரி வாசல்ல போட்டுட்டியே" என்றார். தம்பி உயிரோடு இருப்பானா என்று அவர் அதுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

உயிரோடு வந்தான். மூத்திரம் கறுப்புக் காப்பியாகப் போனது. தசையெல்லாம் சிதைந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டது என்றார்கள். சில வாரம் டயாலிசிஸ் நடந்தது. சிறுநீரகம் மெல்ல மெல்லத் தேறியது. தலைதான் பழையபடி ஆகவில்லை. படித்தது மனத்தில் நிற்காமல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். தூக்கம் வரவில்லை. எதற்கென்று தெரியாமல் நாள்கணக்கில் அழுதான்.

ஐப்பசியில் ஒருநாள் அவனை வயலுக்குக் கூட்டிப்போனேன். நட்ட சம்பா பச்சை பிடித்திருந்தது. வரப்பில் கால் வைத்தவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"பயிரு ஊருதுக்கா. எல்லாம் ஒண்ணோடொண்ணு நெளியுது. மருந்து எப்பவோ போயிடுச்சுன்னு சொல்றாங்க, இது மட்டும் ஏன் போகல?"

மனநல டாக்டரிடம் கேட்டேன். சிலருக்குப் பார்வை இப்படிக் குழம்பிப்போகும், நாளாக ஆகக் குறையலாம், குறையாமலும் இருக்கலாம் என்றார். குறையவில்லை. டிராக்டரைத் தொட அவனுக்குப் பயம். ராத்திரி பஸ்ஸின் விளக்குகள் வால் முளைத்துப் பின்னால் நீள்கின்றன என்று வெளியூருக்கும் போவதில்லை.

அந்த வருஷம் முழுவதும் சிநேகிதன் ஒரே ஒருமுறைதான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். "எல்லாரும்தான் போட்டோம், அவன் உடம்பு வாகு அப்படி" என்று என்னிடம் சொன்னான். தம்பியின் உடம்புதான் குற்றவாளி.

போன தை மாதம் அந்தச் சிநேகிதனுக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். அப்பா வேட்டி சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு வாங்கி வைத்தார். போகாதீங்க என்றேன். "போகலன்னா ஏன் போகலன்னு ஊரு கேக்கும்" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தலையில் அட்சதை போட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தார். பாயசம் நன்றாக இருந்தது என்று தம்பியிடம் சொன்னார். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

என்னோடு அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகனைக் காட்டிக்கொடுத்தவள் நான். மாத்திரை கொடுத்தவன் இப்போது வீட்டுக்கு வந்தால் அவரே நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காருப்பா, காப்பி சாப்பிடு" என்கிறார்.